யன்னல் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒரு திருப்புளி எடுங்கள்

விசுவமடுப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. 2013 இல் இந்திய வீட்டுத் திட்டத்தின் ஐந்தரை இலட்சத்தோடு கைக்காசும் போட்டுக் கட்டிய வீடு. ஐந்து யன்னல்கள். மரக் கதவுகள் வளைந்து பூட்ட முடியவில்லை, மாரி வந்தால் தண்ணீர் கட்டில் வரைக்கும் வருகிறது. பின்பக்கம் புதிதாக ஓர் அறையும் எடுக்கப் போகிறார்கள். கனடாவில் இருக்கிற தம்பி காசு அனுப்புகிறார், "இரட்டைக் கண்ணாடி யன்னல் போடுங்கோ அக்கா" என்கிறார். கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் அலுமினியம் சிலைடிங் போடச் சொல்கிறார். ஊர்த் தச்சர் முதிரையை விட்டால் வேறில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, தங்கச்சி. ஆளுக்கொரு வீட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். என் தகப்பன் தச்சர். நான் அவரோடு உளி பிடித்து வளர்ந்தவன், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பரந்தனைச் சுற்றி வீடு கட்டிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைக்குப் போக முதல் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஐந்து யன்னலையும் சுற்றி வாருங்கள்.

நிலையின் அடிக்கட்டையையும் கீழ் இரண்டு மூலைகளையும் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் தங்குவதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். முனை மரத்தில் முட்டி நின்றால் நிலை நல்லது. பாணுக்குள் போவது போல இறங்கினால் அந்த நிலை முடிந்தது. பிறகு மேலே கை முட்டியால் தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் ஒரே மாதிரிக் கனமாகக் கேட்க வேண்டும், ஓர் இடத்தில் மட்டும் பொள்ளென்று கேட்டால் உள்ளே கறையான் வேலை நடந்திருக்கிறது. நான் பார்த்த அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் நிலை நன்றாக இருக்கும், கதவுதான் கெட்டிருக்கும். அப்படியென்றால் நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். நிலையைக் கிளப்பினால் பூச்சு உடையும், யன்னலுக்குக் கீழே வருகிற சில்லுக் கட்டு உடையும், பிறகு மேசன் கூலி, பெயின்ற் கூலி என்று செலவு ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

அந்த யன்னல்கள் ஏன் வளைந்தன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் அதே பிழை நடக்கும். வன்னி முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டியது. காசு கட்டம் கட்டமாக வந்தது, ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்தது. மரம் காய்கிற வரைக்கும் யாரால் காத்திருக்க முடியும்? இன்றைக்கு அறுத்த பலகை அடுத்த மாதம் யன்னலாகிவிட்டது. நானும் அதில் தப்பவில்லை. என் சொந்த வீட்டுக்கு, ஒரு வருஷம் காய்ந்தது என்று ஒரு மரக்காலையில் சத்தியம் பண்ணித் தந்த பலகையை மார்கழியில் வாங்கிக் கதவு அடித்தேன். ஆனியில் சோளகக் காற்றுத் தொடங்கி நிலம் வெடிக்க, இரண்டு கதவுக்கும் நடுவில் ஐந்து ரூபாய்க் குத்தி இரண்டைச் சேர்த்து நுழைக்கலாம் என்ற அளவுக்கு இடைவெளி விட்டது. தச்சன் மகன் வீட்டு யன்னல்! வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் யாருடைய சத்தியத்தையும் நம்புவதில்லை, தராசைத்தான் நம்புகிறேன். வாங்கப் போகிற பலகையில் ஒன்றின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். நுனித் துண்டு வேண்டாம், நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அந்தத் துண்டைப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து, நிறையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி, வீட்டில் காற்றுப் படுகிற நிழலில் வையுங்கள். ஒரு கிழமை கழித்து நிறுங்கள், அடுத்த கிழமையும் நிறுங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் மரம் இன்னும் தண்ணீர் விடுகிறது, அசையாமல் நின்றால் வாங்கலாம். ஈரமானி வைத்திருக்கிற தச்சர் என்றால் இன்னும் சுலபம், 12 முதல் 15 வீதத்துக்குள் காட்டினால் நம் கோடைக்குப் போதும்.

எந்த மரம்? முதிரை வன்னியின் ராசா, அதில் தச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. பாரமும் உறுதியும் உள்ள மரம், துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். விலையும் அதற்கேற்றபடி. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் வந்து இறங்குகிற முதிரையை வாங்காதீர்கள். காட்டுக்கும் கேடு, பிடிபட்டால் உங்களுக்கும் வழக்கு. தேக்கு, கதவுக்கு முதிரையை விடப் பொருத்தம் என்பது என் எண்ணம். சுருங்குவதும் குறைவு, வளைவதும் குறைவு. ஆனால் இளம் தேக்கில் வைரம், அதாவது உறுதியான நடுமரம் குறைவு, சுற்றி மென்மையான வெளிறுதான். ஓரத்தில் வெளுத்த பட்டை தெரிகிற பலகையைத் தள்ளி வையுங்கள், கறையான் நேராக அதற்குத்தான் வரும். பாலை தண்ணீரில் போட்டால் தாழ்கிற அளவுக்குப் பாரம். நிலைக்கு நல்லது. கதவுக்குப் போட்டால் பிணைச்சல் அழும். வேம்பு மலிவு, ஆனால் வளையும். சின்ன யன்னலுக்குப் போடலாம், அகலமான கதவுக்கு வேண்டாம்.

வன்னி மரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், மற்ற ஊர்க்காரருக்கு இது தெரியாது. உள்ளே போர்க்காலத்து எறிகணைச் செல் துண்டு இருக்கலாம், துப்பாக்கிச் சன்னம் இருக்கலாம். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மரக்காலையில் வாள் முறியும்போதுதான் தெரியும். பலகையாக வந்த பிறகும் அடையாளம் உண்டு: இரும்பு இருந்த இடத்தைச் சுற்றிக் கறுநீலமாக ஒரு கறை, மை கொட்டியது போல, நார் போகிற திசையில் நீண்டு கிடக்கும். அந்த இடத்தில் நார் முறுகியிருக்கும், பொருத்து வைத்தால் பிளக்கும். முடிந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை நான் சீவுளி போடும்போது நகத்தளவு இரும்பு ஒன்று தட்டுப்பட்டது. கிளறி எடுத்து வைத்திருக்கிறேன், இப்போதும் ஆணிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

மரத்தில் கடைசியாக ஒரு சொல். பெயின்ற் அடிப்பது சுவரில் ஏற்றிய பிறகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிலையைச் சுவரில் வைத்த பிறகு சுவரோடு ஒட்டுகிற பக்கத்துக்கு எப்படி அடிப்பீர்கள்? வைக்க முதலே நாலு பக்கமும் பிறைமர், சுவர்ப் பக்கத்துக்குத் தார்ப் பூச்சு. வெட்டு முகங்களுக்கு, அதாவது நாரின் வாய் தெரிகிற நுனிகளுக்கு, இரண்டு மூன்று தரம் ஊற ஊற அடிக்க வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான்.

சரி, அலுமினியத்துக்கு வருவோம். கறையான் ஏறாது, வளையாது, பெயின்ற் செலவு இல்லை. வேலைக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. எனக்குப் பிரச்சினை அலுமினியத்தோடு இல்லை, சிலைடிங்கோடுதான். நாலடிக்கு நாலடி யன்னல் என்றால் 16 சதுர அடி. சிலைடிங் என்றால் ஒரு கதவு எப்போதும் மற்றதற்குப் பின்னால் நிற்கும், காற்று வருவது 8 சதுர அடியால் மட்டும். வைகாசி வெயிலில் பாதி யன்னலுக்கு முழுக் காசு கொடுக்கிறீர்கள். அதோடு கிரவல் றோட்டுப் பக்கத்து வீடென்றால் அந்தச் செம்புழுதி முழுவதும் கீழ்த் தண்டவாளத்தில் வந்து படுத்துவிடும், இரண்டு கோடையில் கதவின் அடிச் சக்கரம் உருளாது. அலுமினியத்திலேயே வெளிப்பக்கம் திறக்கிற கதவு செய்கிறார்கள். அதைக் கேளுங்கள்.

எது வாங்கினாலும் கடையில் வெட்டிப் போட்ட அலுமினியத் துண்டின் வாயைப் பாருங்கள். பருமன் 1.2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வேண்டாம், பெரிய யன்னலுக்கு 1.5 இருக்கட்டும். பவுடர் பூச்சு 60 மைக்ரோனுக்குக் குறையக் கூடாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலைடிங்தான் என்று முடிவெடுத்தால் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். துளை இல்லாத ஒன்றை ஒரு வீட்டில் பார்த்தேன். ஐப்பசி மழையில் தண்டவாளம் தொட்டி மாதிரி நிரம்பி, உள்ளே வழிந்து, மெத்தை ஊறிவிட்டது. பொருத்தியவர்கள் "கண்ணாடி ஒழுகுது" என்று சொல்லி இரண்டு தரம் சிலிக்கன் பூசிக் காசு வாங்கியிருந்தார்கள். நான் துளைக் கருவியால் இரண்டு துளை போட்டேன், வேலை முடிந்தது.

முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்கள் வாசித்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை: அலுமினியச் சட்டத்தைச் சாதாரண இரும்பு ஸ்குறூவால் பூட்ட விடாதீர்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நின்றால் அரித்துக் கொட்டும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்குறூ, அதிலும் 316 தரம்.

யூபிவிசி, அதாவது கடும் பிளாஸ்ரிக் யன்னல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்லது நல்லதுதான். உள்ளே நாகம் பூசிய உருக்குச் சட்டம் இருக்க வேண்டும், மூலைகள் உருக்கி ஒட்டியிருக்க வேண்டும், நிறம் வெள்ளையாக இருக்கட்டும். மரநிறத்தில் கடும் கபிலம் எடுத்தால் நம் வெயிலில் சூடேறி நெளியும். பழுது வந்தால் ஊரில் திருத்த ஆள் கிடைப்பாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது தம்பியின் இரட்டைக் கண்ணாடி. பாவம், அவர் நன்மைக்குத்தான் சொல்கிறார். அவர் இருக்கிற இடத்தில் யன்னலின் வேலை உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடிப்பது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அடைபட்ட காற்று அதைச் செய்யும், ஒற்றைக் கண்ணாடியால் கடத்தப்படுகிற சூட்டைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும். ஆனால் வெயில் நேரே விழுந்தால் கதை வேறு. வெறும் கண்ணாடி ஒன்று தன் மேல் விழும் வெயிற் சூட்டில் 80 வீதத்துக்கு மேல் உள்ளே விடும். இரண்டு போட்டால் 70 வீதத்துக்குக் கிட்ட விடும். இவ்வளவு காசுக்கு இவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் யன்னலைப் பூட்டி வைத்தால். நாங்கள் பகலில் யன்னலைத் திறந்து வைக்கிற ஆட்கள், திறந்த யன்னலில் எத்தனை கண்ணாடி இருந்தால் என்ன? ஏசி பூட்டிய அறை ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் யோசிக்கலாம். மற்றபடி 5 மில்லிமீற்றர் ஒற்றைக் கண்ணாடி போதும், சின்னத் தட்டுகளுக்கு 4. அந்தக் காசை யன்னலுக்கு மேலே நிழலுக்குப் போடச் சொல்லித் தம்பிக்கு எழுதுங்கள்.

நிழல் என்றதும் ஒரு விஷயம். தெற்குப் பக்கம்தான் வெயில், வடக்கு யன்னலுக்குச் சன்சேட் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியாவின் வடபகுதிக்கு அது சரி. நாங்கள் இருப்பது 9 பாகை அகலாங்கில். சித்திரை நடுவில் சூரியன் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கேதான் நிற்கும், சரியாகக் கோடைக் காலத்தில். அதனால் வடக்குக்கும் இரண்டடிச் சன்சேட் வேண்டும். மேற்குக்குச் சன்சேட் போட்டாலும் பிரயோசனம் குறைவு, பின்னேர வெயில் அதற்குக் கீழால் சரிந்து வரும். மேற்கில் யன்னலைச் சின்னதாக்குங்கள், அல்லது விறாந்தை இறக்குங்கள், அல்லது வேம்பு ஒன்றை நடுங்கள். வேம்பு கூலி கேட்காது.

புதிய அறைக்கு நான் போடுகிற கணக்கு, தரைப் பரப்பில் ஏழில் ஒரு பங்காவது யன்னல். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி, ஏழில் ஒன்று 17 சொச்சம். மூன்றடிக்கு நாலடியில் இரண்டு வைத்தால் 24, தாராளம். இரண்டையும் ஒரே சுவரில் வைக்காதீர்கள். சோளகம் தென்மேற்கால் வரும், அது உள்ளே வந்தால் வெளியே போக எதிர்ப்பக்கத்தில் ஒரு வழி வேண்டும். ஒற்றை வாயால் ஊதிய பலூனுக்குள் காற்று ஓடுமா? கதவின் பிணைச்சல் எந்தப் பக்கம் என்பதும் கணக்குத்தான். திறந்து நிற்கிற கதவு வீசுகிற காற்றை ஏந்தி உள்ளே திருப்பி விடுகிற மாதிரிப் பூட்டினால் அறை குளிரும், மறுபக்கம் பூட்டினால் அதே கதவு காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். நல்ல கொளுக்கியும் போடுங்கள். ஆடிக் காற்றில் அடித்து உடைகிற கண்ணாடிகளுக்குக் காரணம் ஒரு சின்னக் கொளுக்கி இல்லாததுதான்.

ஆனால் வன்னியில் இரவில் யன்னல் திறந்து படுக்கிறவர் எத்தனை பேர்? யானை வரும் என்று பயம், கள்ளன் பயம், பாம்புப் பயம். பெண்கள் தனியே இருக்கிற வீடுகளில் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டுக் கூரைச் சீற்றுக்குக் கீழே வெந்து கிடக்கிறோம். அதனால் புதிய அறையில் யன்னலுக்கு மேலே, சுவர் ஓட்டைக்கு மேலே வருகிற லிண்டில் உத்தரத்துக்குக் கீழே, ஓரடி உயரத்துக்குத் தனியாக ஒரு மேல் யன்னல் விடுங்கள். கம்பியும் வலையும் போட்டு, இரவு முழுவதும் திறந்து கிடக்கட்டும். சூடு மேலேதான் நிற்கும், அதால் வெளியேறும்.

நுளம்பு வலையை எல்லா யன்னலுக்கும் போடுங்கள். மலேரியா ஒழிந்தது என்று 2016 இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்துவிட்டது, டெங்கு நுளம்புக்கு அது தெரியாது. வலை காற்றில் ஒரு பங்கைத் தடுக்கும் என்பதால்தான் யன்னலை ஏழில் ஒன்றுக்கும் மேலே வைக்கச் சொன்னேன். கம்பி 12 மில்லிமீற்றர், இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் போகாமல். படுக்கை அறை ஒன்றில் மட்டும் உள்ளிருந்து திறக்கிற கிறில் போடுங்கள், நெருப்புப் பிடித்தால் ஒரு வழி வேண்டும். அதன் திறப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். 2018 மார்கழி வெள்ளமும் 2020 புரெவிப் புயலும் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே மழை நேராக விழுவதில்லை, வாடையோடு சரிந்து அடிக்கும். உங்கள் வீட்டில் தண்ணீர் கண்ணாடியால் வரவில்லை என்று பந்தயம் கட்டுவேன். மூன்று இடம் பாருங்கள். யன்னலடிச் சில்லுக் கட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா? ஒரு கோலிக் குண்டை வைத்தால் வெளியே உருள வேண்டும். சன்சேட்டின் அடியில் விளிம்புக்கு ஓரங்குலம் உள்ளே அரை அங்குலப் பள்ளக் கோடு ஒன்று ஓடுகிறதா? அது இல்லாவிட்டால் தண்ணீர் சன்சேட்டின் அடி வழியே தவழ்ந்து சுவருக்கு வந்துவிடும். புதிய அறைக்குக் கொங்கிறீற்றுப் போடும்போது பலகையின் மேல் அரை அங்குலக் கம்பி ஒன்றை வைத்துப் பிறகு எடுத்தால் கோடு தானாக வரும், செலவு ஒன்றுமில்லை. மூன்றாவது, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட வெடிப்பு. அதைச் சீமெந்தால் அடைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வெடிக்கும். சுத்தமாகக் கிளறிவிட்டு, நெளியக்கூடிய வெளிப்புறச் சிலிக்கன் போடுங்கள்.

நிலையும் சேர்த்து மாற்றுவதென்றால், அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதை எழுதுங்கள், உயரமும் அப்படியே. மூலைக்கு மூலையும் அளவெடுக்க வேண்டும், இரண்டும் ஒத்து வராவிட்டால் ஓட்டை கோணல். பழைய நிலையை அலவாங்கால் நெம்ப விடாதீர்கள், லிண்டில் அசையும். நடுவில் வாளால் அறுத்து, துண்டு துண்டாக எடுக்கச் சொல்லுங்கள்.

மரத்தின் மாதிரித் துண்டை இப்போதே வாங்கி நிறுக்கத் தொடங்குங்கள், ஆவணிக்குள் செய்து, புரட்டாதி முடியப் பூட்டி முடிக்க வேண்டும். காசில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டிய அன்றைக்கே வெளியே நின்று தண்ணீர்க் குழாயால் கீழிருந்து மேலாகப் பத்து நிமிஷம் அடியுங்கள், உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும். கதவைப் பூட்டும்போது நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள், இறுக்கமாக வர வேண்டும். குசினி யன்னலுக்கு மட்டும் மரம் வேண்டாம், விறகுப் புகையும் ஆவியும் முதிரைக்கும் நல்லதில்லை. அங்கே கடைக்காரர் சொன்ன அலுமினியத்தையே போடுங்கள்.